11 மாத ஆர்டர், நடுவில் பிரேக், இப்போது பகுதி நேரம்: கையெழுத்துப் போடலாமா?

நீலக்குடை:
அடுத்த வாரம் எனக்குப் புதுப் பணி நியமன ஆர்டர் தரப்போகிறார்கள். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று ஒரே குழப்பம், அதனால்தான் இந்த இழை.

பில்லிங் பிரிவில் வேலை. சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு முறையும் 11 மாத ஆர்டர்தான், முடிந்ததும் நாலைந்து நாள் பிரேக், அப்புறம் அதே நாற்காலி, அதே வேலை, புதுத் தேதி போட்ட ஆர்டர். பிரேக் நாட்களில் ஐ.டி. கார்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். லாகின் மட்டும் அப்படியே திறந்திருக்கும். "ஒரு சின்ன டவுட்மா" என்று போன் வரும், நானும் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பேன். அதற்குச் சம்பளம் கிடையாது, ஏனென்றால் அந்த நாட்களில் நான் அங்கே வேலையிலேயே இல்லை!

இந்த முறை ஆர்டரில் "பகுதி நேரம், வாரம் 24 மணி" என்று இருக்குமாம். வேலை ஒன்றும் குறையவில்லை. மீதியை "தேவைப்பட்டால்" வந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் நிரந்தரம், அவருக்கு சாஃப்ட்வேர் கற்றுக்கொடுத்ததே நான்தான். இன்கிரிமென்ட், போனஸ், மருத்துவக் காப்பீடு எல்லாம் அவருக்கு உண்டு, எனக்கு இல்லை. கேட்டால் "உங்க கேட்டகரி வேற" என்று ஒரே பதில்.

எந்த நாடு, எந்த ஊர் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம், எங்கள் எச்.ஆர். இந்தப் பக்கம் வருவார் என்று சந்தேகம். பொதுவாகச் சொன்னாலே போதும்.

ரெண்டாம்ஷிஃப்ட்:
போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள் தங்கச்சி. சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வராது, அவ்வளவுதான். "உங்களை நீக்கவில்லை, உங்கள் காலம் முடிந்தது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நிரந்தரக்காரனை அனுப்பக் காரணம் வேண்டும், நோட்டீஸ் வேண்டும், நஷ்டஈடு வேண்டும். நம்மை அனுப்பக் காலண்டர் போதும்.

வழக்காடி:
ரெண்டாம்ஷிஃப்ட் சொன்ன கடைசி வரி கசப்பானது, ஆனால் பிரச்சினையின் வேரே அதுதான். காலவரையறை ஒப்பந்தத்தில், அதாவது முடிவுத் தேதி போட்ட ஒப்பந்தத்தில், முதலாளிக்குக் கிடைக்கிற பெரிய லாபம் சம்பள மிச்சம் இல்லை. காரணம் சொல்லாமல் அனுப்பும் வசதி. அந்தப் பயம் இருக்கும்வரை மற்ற உரிமைகளைக் கேட்க யாருக்கும் வாய் வராது, ஓ.டி. (கூடுதல் நேர ஊதியம்) கேட்கக்கூட.

ஆனால் "ஒன்றும் செய்ய முடியாது" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். இந்த வேலை உண்மையிலேயே தற்காலிகமானதா? அதே வேலை பார்க்கும் நிரந்தர ஆளுக்குக் கிடைப்பது உங்களுக்கும் கிடைக்கிறதா? இடைவெளி நிஜமா, காகிதத்தில் மட்டுமா?

1982இலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை, பாதுகாப்பிலிருந்து நழுவுவதற்காகக் காலவரையறை ஒப்பந்தத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்க ஏற்பாடு வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதை ஏற்ற நாடுகள் அதிகம் இல்லை என்பது வேறு கதை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1999இல் வந்த உத்தரவு இன்னும் நேரடியானது. நிரந்தர ஊழியரைவிடக் குறைவாக நடத்தக் கூடாது, நடத்தினால் வேலை சார்ந்த காரணம் காட்ட வேண்டும். தொடர் புதுப்பித்தலுக்கும் ஏதாவது ஒரு கடிவாளம் வேண்டும், அதாவது நியாயமான காரணம், மொத்தக் கால வரம்பு, எத்தனை முறை என்ற வரம்பு, இவற்றில் ஒன்றாவது.

உங்கள் பிரேக் கதைக்கு ஏறக்குறைய அச்சாகப் பொருந்துகிற வழக்கு ஒன்று உண்டு. கிரீஸ் நாட்டுச் சட்டத்தில், இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே 20 வேலை நாட்களுக்கு மேல் இடைவெளி இருந்தால் அவை தொடர் ஒப்பந்தங்கள் இல்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். பால் துறையின் பொது நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அப்படி ஒரு விதி இருந்தால் யார் வேண்டுமானாலும் வருடக்கணக்கில் ஆட்களைத் தற்காலிகமாகவே வைத்திருக்கலாமே, பாதுகாப்பே அர்த்தமற்றுப் போகுமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2006இல் அதை ஏற்க மறுத்தது. உங்களுடையது நாலைந்து நாள்தான், அதிலும் வேலை வாங்கியிருக்கிறார்கள்.

இந்தியாவிலும் இது புதிதல்ல. நிரந்தர ஊழியரின் உரிமையைத் தராமல் இருப்பதற்காகவே ஆட்களை வருடக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருப்பது முறையற்ற தொழில் நடைமுறை என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையிலேயே இருந்தது, 2025இல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொகுப்பிலும் அது தொடர்கிறது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரத் தகுதி என்கிறது. எழுத்தில் இருப்பது எல்லாம் நடக்கிறதா என்று உடனே கேட்பீர்கள். இல்லை. ஆனால் எழுத்தில் இருப்பதைத் தெரிந்து பேசுகிற ஆளிடம் எச்.ஆர். பேசும் தொனியே வேறாக இருக்கும்.

நீலக்குடை:
வழக்காடி சார், பிரேக் நாட்களில் வந்த போன், வாட்ஸாப் எல்லாம் இருக்கிறது, அழிக்கவில்லை. அந்த 11 மாதம் ஏன் என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. 12 ஆனால் என்ன குடி மூழ்கிவிடும்?

கணக்குப்பிள்ளை:
இதற்கு நான் பதில் சொல்கிறேன், பேரோல் வேலைதான் சோறு போடுகிறது எனக்கு.

பல நாடுகளில் சில உரிமைகள் "ஒரு வருடம் முடித்தால்" என்று தொடங்கும். எடுத்துக்காட்டாக இந்தியாவில் பணிக்கொடைக்கு முன்பு 5 வருடம் வேண்டும். 2020இல் இயற்றி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், காலவரையறைப் பணியாளருக்கு ஒரு வருடம் போதும் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஒரு வருடம் என்று எழுதினால் 11 மாத ஆர்டர் அடிக்கத்தான் செய்வார்கள். எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் வந்து நிற்பது சிலருக்குத் தொழில்.

அந்தத் தொகுப்பிலேயே இன்னொன்றும் இருக்கிறது, அதை நிறையப் பேர் படிப்பதில்லை. அதே வேலை அல்லது அதைப் போன்ற வேலை பார்க்கும் நிரந்தர ஊழியரைவிட வேலை நேரமோ சம்பளமோ படியோ குறையக் கூடாது, சட்டப்படியான சலுகைகளை வேலை செய்த காலத்துக்கு ஏற்ற விகிதத்தில் தர வேண்டும். "கேட்டகரி வேற" என்பது இந்த வாக்கியத்துக்குப் பதிலே இல்லை.

இப்போது பகுதி நேர விஷயம். விகிதாச்சாரம் என்று சொன்னால் நேர்மையாகத்தான் கேட்கும், கணக்கில் எங்கே ஓட்டை விழுகிறது என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். வாரம் 5 நாள் வருபவருக்கு வருடத்துக்கு 20 நாள் லீவு என்றால், 3 நாள் வருபவருக்கு 12. இதுவரை சரி. அரசு விடுமுறைக்கு வாருங்கள். உங்கள் நாட்கள் செவ்வாய், புதன், வியாழன் என்று வையுங்கள். திங்கள், வெள்ளியில் விழுகிற விடுமுறை எல்லாம் உங்களுக்குப் போச்சு, முழுநேரக்காரருக்கு அது சம்பளத்தோடு லீவு. வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் நீங்கள் விகிதத்தைவிடக் குறைவாக வாங்கியிருப்பீர்கள். சரியான வழி, மொத்த விடுமுறையையும் மணிக்கணக்கில் மாற்றி உங்கள் விகிதத்துக்கு ஒதுக்குவது. செய்கிற இடங்கள் உண்டு, கேட்டால்தான் செய்கிறார்கள்.

மருத்துவக் காப்பீட்டில் இந்த விகிதமே செல்லாது. வாரம் 24 மணி வேலை பார்ப்பவருக்கு அறுபது சதவீதம்தான் காய்ச்சல் வருமா?

"தேவைப்பட்டால் வர வேண்டும்" என்ற வரியை மட்டும் நன்றாகப் படியுங்கள். 24 மணி ஆர்டர், 40 மணி வேலை, கூடுதல் நேரத்துக்குச் சாதாரண ரேட், லீவும் போனஸும் 24 மணிக்கு. அவர்கள் மனதில் இருக்கிற கணக்கு இதுதான்.

சிறுமுதலாளி:
எல்லாரும் சேர்ந்து முதலாளியை வில்லனாக்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. என்னிடம் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒரு பெண் பிரசவ விடுப்பில் போனால் அந்த ஆறு மாதத்துக்கு ஆள் வேண்டும், அவர் திரும்பி வந்ததும் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க என்னால் முடியாது. வாடிக்கையாளர் தந்த ஒரு வருட வேலை கையில் இருக்கிறது, அதற்கு மேல் இருக்குமா தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் காலவரையறை ஒப்பந்தம் இல்லை என்றால் நான் ஆளே எடுக்க மாட்டேன், இருப்பவர்களைக் கசக்குவேன். எது மேல்?

நீலக்குடை விஷயம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பில்லிங் என்பது கம்பெனி இருக்கும்வரை இருக்கிற வேலை, அதற்குப் பிரேக் போடுவது அசிங்கம். ஆனால் அதற்காக "இரண்டு வருடத்துக்கு மேல் தற்காலிகம் கூடாது" என்று சட்டம் போட்டால் என்ன ஆகும்? இரண்டாம் வருடம் 364ஆம் நாள் அனுப்பிவிடுவார்கள்.

வழக்காடி:
நீங்கள் சொல்வது கற்பனை இல்லை, நடந்திருக்கிறது. தென் கொரியாவில் 2007இல் இரண்டு வருட வரம்பு வந்தது, தாண்டினால் நிரந்தரம். பலரை நிரந்தரமாக்கினார்கள், பலரை வரம்பு வருவதற்கு முன்னாலேயே அனுப்பினார்கள். ஜப்பானில் 2013 ஏப்ரல் முதல் 5 வருடக் கணக்கு, தாண்டிய ஊழியர் கேட்டால் காலவரையறை இல்லாத ஒப்பந்தம் தர வேண்டும். கவனியுங்கள், கேட்டால்தான். அதோடு ஆறு மாத இடைவெளி விட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆராய்ச்சியாளர்களுக்கு 10 வருடம் என்று நீட்டினார்கள், 2023 நெருங்கியபோது ஆய்வகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் புதுப்பிக்க மறுத்த பிரச்சினை அங்கே பெரிய செய்தியாயிற்று.

அதனால் வரம்பே வேண்டாம் என்று முடிவுக்கு வராதீர்கள். வரம்பு மட்டும் போதாது என்றுதான் நான் சொல்வேன். ஜெர்மனியில் காரணம் இல்லாத காலவரையறை ஒப்பந்தத்துக்கு 2 வருடம், அதற்குள் 3 நீட்டிப்பு, அவ்வளவுதான். நீங்கள் சொன்ன பிரசவ விடுப்பு மாதிரி காரணம் இருந்தால் அதற்கு மேலும் போகலாம். உங்களைப் போன்றவருக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

ஆனால் "மாற்று ஆள்" என்ற காரணத்தையும் இழுத்துக்கொண்டே போகலாம். கொலோன் நகர நீதிமன்ற அலுவலகம் ஒன்றில் ஒரு பெண் எழுத்தரை, விடுப்பில் போனவர்களுக்கு மாற்று என்று சொல்லி 11 வருடத்தில் 13 ஒப்பந்தங்களில் வைத்திருந்தார்கள். நீதிமன்றத்திலேயே இந்த லட்சணம்! 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம் இரு பக்கமும் பார்த்தது. மாற்று ஆள் தேவை அடிக்கடி வருகிறது என்பதாலேயே அது பொய்க் காரணம் ஆகிவிடாது என்றது. கூடவே, எத்தனை ஒப்பந்தம், மொத்தம் எவ்வளவு காலம் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து முறைகேடா என்று முடிவு செய்யச் சொன்னது. எனக்கு இந்த அணுகுமுறை பிடிக்கும். காகிதத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். அடுக்கி வைத்துப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மாலைநேரம்:
இங்கே எல்லாரும் பகுதி நேரம் என்றாலே தலையில் கட்டியது என்று பேசுகிறீர்கள். நான் கேட்டு வாங்கியவள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், முழு நேரம் முடியாது. மூன்றரை நாள் வேலை எனக்கு வரம். என் சண்டை வேறு.

மீட்டிங் எல்லாம் நான் இல்லாத நாளில் வைப்பார்கள். டிரெய்னிங் என்றால் "நீங்க எப்படியும் பாதி நாள்தானே" என்பார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வந்ததே இல்லை. வருட மதிப்பீட்டில் "கிடைக்கும் நேரம் குறைவு" என்று எழுதினார் ஒரு மேலாளர், நான் ஒப்புக்கொண்டதே அந்த நேரத்துக்குத்தானே ஐயா? வாரத்தில் பாதி நாள் வேலை செய்தால் பாதி மூளை என்று நினைக்கிறார்களோ என்னவோ.

ஓ.டி. பற்றி கணக்குப்பிள்ளை சொன்னது என் விஷயத்தில் அப்படியே நடந்தது. நான் ஒப்புக்கொண்ட நேரத்துக்கு மேல் வேலை செய்தாலும் கூடுதல் ரேட் கிடையாது, முழுநேரக்காரரின் மணியைத் தாண்டினால்தான் உண்டாம். அதாவது என் சொந்த நேரத்தில் பத்துப் பன்னிரண்டு மணி சாதா ரேட்டில் போகும், அவர் ஒரு மணி கூடுதலாக இருந்தால் உடனே ஓ.டி.

கணக்குப்பிள்ளை:
அக்கா, இதே விஷயம் ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. ஜெர்மனியில் டயாலிசிஸ் பராமரிப்பில் பகுதி நேரமாக வேலை பார்த்தவர்கள் போட்ட வழக்கு, 2024 ஜூலையில் தீர்ப்பு. முழுநேர மணியைத் தாண்டினால்தான் கூடுதல் ஊதியம் என்ற விதி பகுதி நேரக்காரரைக் குறைவாக நடத்துவதுதான், தகுந்த காரணம் இல்லாமல் செல்லாது என்று சொன்னார்கள். பகுதி நேரத்தில் பெண்களே அதிகம் என்பதால் அது மறைமுகமான பாலினப் பாகுபாடாகவும் ஆகலாம் என்றார்கள். உங்கள் நாட்டில் அந்தத் தீர்ப்பு செல்லுமோ செல்லாதோ, வாதம் எந்த நாட்டிலும் செல்லும்.

ரெண்டாம்ஷிஃப்ட்:
தீர்ப்புகளை வாசித்துக்கொண்டே இருக்கிறீர்கள், நல்லது. ஆனால் களத்தில் நடப்பது என்ன? எங்கள் இடத்தில் யூனியன் இருக்கிறது, தற்காலிகக்காரனுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. நிரந்தரக்காரர்களுக்குச் சம்பள உடன்பாடு பேசும்போது எங்களை எடுத்துக்காட்டிப் பயமுறுத்துவார்கள், "நீங்க ரொம்பக் கேட்டா இவங்களை வச்சு ஓட்டிடுவோம்" என்று. எங்களைப் பார்த்தால் அவர்களுக்குப் பயம், அவர்களைப் பார்த்தால் எங்களுக்கு வயிற்றெரிச்சல். நடுவில் முதலாளி ஜாலியாக இருக்கிறார்.

வழக்காடி:
இது பேச வேண்டிய விஷயம். தற்காலிக ஊழியர் மலிவாக இருக்கும்வரை நிரந்தர வேலைக்கும் ஆபத்துதான், இது புரிந்த சங்கங்கள் அட்டை கொடுக்கின்றன. புரியாத சங்கங்கள் வயதாகி, ஆள் குறைந்து, காணாமல் போகின்றன. உங்கள் சங்கத்தில் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தடை விதியில் இருக்கிறதா, வழக்கத்தில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தூரதேசி:
பிரிட்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கே பகுதி நேர ஊழியர் விதிகள் 2000இலும், காலவரையறை ஊழியர் விதிகள் 2002இலும் வந்தன. தொடர்ச்சியாக நான்கு வருடம் காலவரையறை ஒப்பந்தங்களில் இருந்து, அதற்குப் பிறகும் புதுப்பித்தால், முதலாளி தக்க காரணம் காட்டாதவரை நிரந்தரம். அதோடு, ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவதையே இங்கே சட்டம் பணிநீக்கமாகத்தான் பார்க்கிறது. "காலம் முடிந்தது" என்று கையை உதறிவிட முடியாது. இந்தியாவில் இதற்கு நேர்மாறு என்று கேள்விப்பட்டேன்.

பகுதி நேரத்தில் இரண்டு வழக்குகள் எனக்கு மறக்காது. ஒன்று, அழைத்தால் வருகிற தீயணைப்பு வீரர்கள். "முழுநேர வீரர் பள்ளிகளுக்குப் போய் விழிப்புணர்வு செய்கிறார், இவர்கள் செய்வதில்லை, அதனால் வேலை வேறு" என்று நிர்வாகம் வாதாடியது. வேறுபாட்டையே பெரிதாக்காதீர்கள், பொதுவான வேலை எவ்வளவு, அது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள் என்று 2006இல் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நிலையில் சொன்னார்கள். எரிகிற வீட்டுக்குள் போவது இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. மற்றது இன்னும் சுவாரசியம். நாள் கூலி மாதிரி கட்டணம் வாங்கிய பகுதி நேர நீதிபதிகள், முழுநேர நீதிபதிக்கு ஓய்வூதியம் உண்டு, எங்களுக்கு ஏன் இல்லை என்று வழக்குப் போட்டு 2013இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். நீதிபதிகளே வழக்குப் போட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்காடி:
இந்தியா பற்றிக் கேள்விப்பட்டது சரிதான். ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவது ஆட்குறைப்பு ஆகாது என்று 1984இல் ஒரு திருத்தம் வந்தது, புதிய தொகுப்பிலும் அது தொடர்கிறது. சலுகையில் சமத்துவம் தந்துவிட்டு, வேலையின் உறுதியை எடுத்துக்கொண்ட ஏற்பாடு அது. என் கருத்தில் அங்கேதான் அந்தச் சட்டம் இடறுகிறது.

ஆனாலும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்புத் தந்தது. மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு, தோட்ட வேலைகளைப் பகுதி நேரம், தற்காலிகம் என்ற பெயரில் பல ஆண்டுகள் பார்த்தவர்களைத் திடீரென்று அனுப்பியிருந்தார்கள். அன்றாடம் தேவைப்படுகிற வேலையைத் தற்காலிகம் என்று பெயரிட்டு வைத்திருப்பதை நீதிமன்றம் கண்டித்து, அவர்களை மறுபடி எடுத்து முறைப்படுத்தச் சொன்னது. தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்ற 2006இன் அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு காலங்காலமாக உழைத்தவர்களை விரட்டக் கூடாது என்றும் சொன்னது. அது அரசுத் துறை பற்றியது, தனியார் நிறுவனத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

நீலக்குடை:
எல்லாம் படித்தேன், தலை சுற்றுகிறது, ஆனால் தைரியமாகவும் இருக்கிறது. வருகிற வாரம் ஆர்டர் மேசைக்கு வந்ததும் நான் என்ன செய்ய வேண்டும்? கையெழுத்து போடாமல் இருக்க எனக்கு வசதி இல்லை.

வழக்காடி:
கையெழுத்துப் போடுங்கள். வேலையை விட்டுவிட்டு உரிமை பேசச் சொல்ல மாட்டேன், சோறு முக்கியம். ஆனால் எதில் போடுகிறோம் என்று பார்த்துப் போடுங்கள்.

ஆர்டரோடு இன்னொரு காகிதம் வரும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்துக்கு அடியில் கிளிப் போட்டிருப்பார்கள். "என் முந்தைய பணிக்காலம் முழுமையாக முடிவடைந்தது, எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை, எதிர்காலத்தில் எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்ற பாணியில் மூன்று வரி, கீழே தேதி போடக் காலி இடம். சில இடங்களில் இதே வேலையை ராஜினாமாக் கடிதம் என்ற பெயரில் வாங்குவார்கள், தேதி போடாமல்! இந்த இரண்டிலும் அவசரப்பட்டுக் கையெழுத்து வேண்டாம். "படித்துவிட்டு நாளை தருகிறேன்" என்று எடுத்து வாருங்கள். விடமாட்டேன் என்றால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "முந்தைய தொடர் பணிக்கான என் உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று உங்கள் கையால் எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பே ஒரு மெயில் அனுப்புங்கள், சண்டைத் தொனி வேண்டாம், விவரம் கேட்கிற தொனி. என் வேலை மாறவில்லை, நேரத்தை 24ஆகக் குறைக்கும் காரணம் என்ன, கூடுதல் மணிக்கு என்ன ரேட், லீவுக் கணக்கில் அந்த மணி சேருமா, முதலில் சேர்ந்த தேதியைப் பணித் தொடக்கமாக எடுத்துக்கொள்வீர்களா. பதில் வந்தாலும் சாட்சி, வராவிட்டாலும் சாட்சி.

பழைய ஆர்டர்கள், சம்பளச் சீட்டுகள், வருகைப் பதிவு, பிரேக் நாள் செய்திகள் எல்லாவற்றையும் வீட்டில் வையுங்கள். வாடிக்கையாளர் விவரம் இருக்கிற எந்தக் கோப்பையும் மட்டும் வெளியே எடுக்காதீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு உங்களையே குற்றவாளி ஆக்குவார்கள், பார்த்திருக்கிறேன்.

காலக்கெடுவை மறக்காதீர்கள். புகார் தரப் பெரும்பாலான நாடுகளில் கெடு உண்டு, சில இடங்களில் மாதக் கணக்குதான். பிரேக் முடிந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டால் கெடு போய்விடும். உங்கள் ஊர்த் தொழிலாளர் அலுவலகத்திலோ சங்கத்திலோ இப்போதே ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தூரதேசி:
ஒன்று சேர்க்கிறேன். நீங்கள் நேரடியாகக் கம்பெனி ஆளா, ஏஜென்சி வழியா என்று சம்பளச் சீட்டின் தலைப்பில் பாருங்கள். ஏஜென்சி என்றால் விதியே மாறும். இங்கே ஏஜென்சி ஆட்களுக்கு 12 வாரம் கழித்துத்தான் அடிப்படைச் சம்பளத்தில் சமத்துவம், நான்கு வருட விதி அவர்களுக்குக் கிடையாது. அதேபோல "பகுதி நேரம்" என்பதற்கும் ஊருக்கு ஊர் அளவு வேறு. சிங்கப்பூரில் வாரம் 35 மணிக்குக் கீழ், மலேசியாவில் முழுநேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் 70க்குள். 24 என்ற எண்ணை எங்கிருந்து பிடித்தார்கள் என்று உங்கள் ஊர்ச் சட்டத்தில் தேடுங்கள், காரணம் இல்லாமல் இருக்காது.

நீலக்குடை:
இரண்டு வாரம் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

மெயில் அனுப்பினேன். மறுநாளே எச்.ஆர். கூப்பிட்டார், "இதுக்கெல்லாம் மெயில் எதுக்கும்மா, நேர்ல வந்து பேசியிருக்கலாமே." நேரில் பேசியதையும் அன்று மாலை "இன்று தாங்கள் சொன்னபடி" என்று தொடங்கி மெயிலாக அனுப்பிவிட்டேன். அதற்குப் பதில் வரவில்லை, முகம் மட்டும் மாறியது.

ஆர்டர் வந்தது. வழக்காடி சார் சொன்ன மூன்று வரிக் காகிதம் நிஜமாகவே அடியில் இருந்தது. படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன், அப்புறம் அவர்களே அதைக் கேட்கவில்லை. பிரேக் இந்த முறை இல்லை. முதலில் சேர்ந்த தேதியை இணைப்பில் போட்டுக் கொடுத்தார்கள். 24 மணி அப்படியே இருக்கிறது, இறங்கவே மாட்டேன் என்கிறார்கள். கூடுதல் மணிக்குச் சாதாரண ரேட் என்று எழுத்தில் இருக்கிறது. காப்பீடு "பரிசீலனையில்".

என்னோடு இதே மாதிரி ஆர்டரில் இருக்கிற இன்னும் மூன்று பேருக்கு இணைப்பில் பழைய தேதி இல்லை. கேட்காததால் போடவில்லையாம்.

ரெண்டாம்ஷிஃப்ட்:
தேதி கொடுத்தார்களா? எழுத்திலா? நம்பவே முடியவில்லை தங்கச்சி. அந்த இணைப்பில் நிர்வாகக் கையெழுத்தும் சீலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
பணித் தொடக்கத் தேதி கிடைத்தது பெரிய விஷயம், இன்கிரிமென்ட் கேட்க அதுதான் பிடி. ஸ்பெயினில் மருத்துவமனை ஊழியர் ஒருவர் தற்காலிகமாக இருந்த காலத்துக்கும் சேர்த்துப் பணிக்கால அடிப்படையிலான படி கேட்டு 2007இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றிருக்கிறார், ஒப்பந்தம் தற்காலிகமானது என்பது மட்டுமே மறுக்கக் காரணம் ஆகாது என்று.

இனி வாரா வாரம் நீங்கள் வேலை செய்த மணியைக் குறித்து, வெள்ளிக்கிழமை மாலை மேலாளருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள், "இந்த வாரம் 24, கூடுதல் இத்தனை" என்று. சில மாதம் போனால் நீங்கள் பகுதி நேரமா முழு நேரமா என்று அந்த மெயில்களே சொல்லும். விடுமுறையை மணிக்கணக்கில் மாற்றிக் கேட்டீர்களா?

நீலக்குடை:
கேட்கவில்லை. என் நாட்களில் திங்கள் இல்லை, நீங்கள் சொன்ன அதே கதைதான். சீல் இருக்கிறது அண்ணா, பார்த்துவிட்டேன்.

வழக்காடி:
விடுமுறைக் கணக்கை நீங்கள் தனியாகக் கேட்க வேண்டாம். அந்த மூன்று பேரையும் சேர்த்து நால்வரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள், அதிலேயே அவர்களுடைய பழைய தேதியையும் கேளுங்கள். ஒருவருக்கு எழுத்தில் கொடுத்ததை மற்ற மூவருக்கு மறுக்க அவர்கள் காரணம் தேட வேண்டியிருக்கும். கடிதத்தின் வரைவை இங்கே போடுங்கள், பெயர்களை அடித்துவிட்டு. பார்த்துத் திருத்தித் தருகிறோம்.